எடைக் குறைவு

மாதவரம் ரவுண்டானாவுக்கு வடக்கே
அறுபது டன் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
லாரி ஏறும், எண் தள்ளாடி நிற்கும், அச்சடிப்பேன்.
இதற்குமேல் ஊர்களோடு எனக்குப் பழக்கமில்லை.

ஆனாலும் சக்கரம் சொல்லிவிடும்.
செம்மண் அப்பியிருந்தால் புதுக்கோட்டைப் பக்கம்.
கரிசல் கட்டி காய்ந்திருந்தால் கோவில்பட்டி.
ஒன்றும் ஒட்டாமல் ரிம் வெளுத்து
போல்ட்டெல்லாம் துருப் பூத்து வந்தால்
சாயல்குடிக்குக் கீழே,
மழை விலாசம் மட்டும் கேட்டுவிட்டு
வேறு தெருவுக்குப் போய்விடுகிற கரை.

நான் போனதில்லை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில், பழைய ரசீதின் முதுகில்
ஓட்டுநர்கள் சொல்லச் சொல்லக் கிறுக்கிய வரைபடம் ஒன்று உண்டு.
உடைமரம் என்று எழுதி ஒரு குடை போட்டிருக்கிறேன்.
ஊருணி என்று எழுதி வட்டம்;
வட்டத்துக்குள் ஒன்றுமில்லை, அது மேமாதம் கேட்டது.
பூநாரை வந்து நிற்கும் பாத்தி எது என்பதில்
இரண்டு பேருக்குள் சண்டை, இரண்டு இடத்திலும் குறித்தேன்.
குடிதண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாயாம்.
கடல் நாற்பதடியில்.

அங்கே வேலிக்கருவையை வெட்டி
மண் போர்த்தி மூட்டம் போடுகிறார்கள்.
கரியாகி வருகிறது, நம் ஊர் தந்தூரி அடுப்புகளுக்கு.
காய்ந்த கடல்பாசி வருகிறது, மூட்டை அவிழ்ந்தால்
நகத்தளவு நண்டின் ஓடு.
கருவாட்டுக்கு நான் ரசீது போடுமுன்
மூக்கு போட்டுவிடும்.
பிறகு உப்பு.

செவ்வாய் இரவு இரண்டு இருபது.
இருளாண்டியின் வண்டி.
ஏற்றிய இடத்துச் சீட்டில் முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பது.
என் மேடையில் முப்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
ஐந்நூற்று எழுபது கிலோ எங்கே என்றார்
மணலி கம்பெனியின் கிரிதரன், தூக்கம் கலைந்த கோபத்தில்.
"தார்ப்பாய் கட்டுனது கட்டுனபடி இருக்கு.
ஈர உப்ப அள்ளிப் போட்டாங்க, வழியெல்லாம் சொட்டுச்சு.
தண்ணிய திருடி நான் எங்க சார் விக்கப் போறேன்?"

டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தேன்.
அச்சில் வெள்ளைத் தாடி.
பின்கதவின் இடுக்கில் ஒரு சொட்டு
விழலாமா என்று யோசித்து, விழுந்தது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பை விடக் கசப்பு.

அறுநூறு கிலோமீட்டருக்கு
ஒரு நூல் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது கடல்.
அருப்புக்கோட்டையில் மெலிந்து
துவரங்குறிச்சி மேட்டில் விட்டுவிட்டு
ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும்
காசு கொடுக்க நின்ற நேரத்துக்கு
ஒரு சிறு குட்டை.
விடிந்ததும் அவை வெளுக்கும்.
நாய் நக்கிப் பார்க்கும்.

இதே இரவு, பதினோரு மணிக்கு,
அதே சீமையின் கரிவண்டி வந்தது.
நம் ஐப்பசிக் காற்றை வழியெல்லாம் குடித்து
தொண்ணூறு கிலோ கூடுதலாக.
வாங்க வந்தவர் தேநீர் சொன்னார் எல்லோருக்கும்.
கூடிய எடையிடம் யாரும்
எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை.

என் இயந்திரத்தில் மொத்தம், காலி, நிகரம்.
காரணத்துக்குக் கட்டம் கிடையாது.
சீட்டைத் திருப்பிப் பேனாவால் எழுதினேன்:
ஈர உப்பு. சொட்டியது. பார்த்தேன். சு. வசுமதி.
"பின்பக்கத்த யாரு படிப்பா?" என்று
கிரிதரன் மடித்துப் பையில் வைத்தார்.
வாடகையில் பிடித்தம் இருக்கும் என்பது
மடித்த விதத்திலேயே தெரிந்தது.
இருளாண்டி தன் நகலைக்
கண்ணாடிமேல் இருந்த அய்யனார் படத்துக்குப் பின்னால் செருகினார்.
போகும்போது ஹாரன் அடிக்கவில்லை.

மேடை காலி.
திரையில் பூச்சியம் வரவில்லை.
பத்து கிலோ என்றது, விடாமல்.
எட்டிப் பார்த்தேன்: இரும்புத் தகடு நெடுக
ஈரம், விளக்கில் மின்னிக்கொண்டு.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருப்பேன்.
பின்னால் நாமக்கல் தீவன வண்டி
இரண்டு தடவை ஒளியடித்தது.
பொத்தானை அழுத்தினேன்.