சுமை என்ற கட்டம்

குளுகோரில் ஒரு வரிசை வீடு.
வாசலை அடைத்துக்கொண்டு,
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தோன்றும்படி நின்றது
இருபது வயது பிக்கப்.

பானெட்டில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது.
நல்லது. முன்கூட்டியே சூடாக்கி வைக்கிறவன்
எதையோ மறைக்கிறான் என்பான் சுல்கிப்ளி.
அவன் அதற்குள் அடியில் நுழைந்துவிட்டான்,
இரண்டு கால்களும் ஒரு டார்ச் வெளிச்சமும்தான் வெளியே.
நான் என் பங்குக்கு
ஃப்ரிட்ஜிலிருந்து பிடுங்கி வந்த காந்தத்தைக்
கதவு கதவாக ஒட்டிப் பார்த்தேன்.
எல்லா இடத்திலும் பிடித்தது.
புட்டி இல்லை. பொய் இல்லை.

மிஸ்டர் கோர் ஒன்றும் சொல்லவில்லை.
ஃபெரியின் எஞ்சின் அறையில் முப்பத்தொரு வருடம்.
அந்தச் சத்தத்தில் யாரிடம் என்ன பேசியிருப்பார்?
சாவியைத் திருப்பினார்.
ஒரு செருமல்,
பிறகு அரிசி கொட்டுகிற மாதிரி ஒரே சீராக டீசல்.
கண்ணை மூடிக் கேட்டார்.
திறந்து என்னைப் பார்த்தார்:
கேட்டதா?

கேட்டது.

பின்தட்டை இறக்கியபோதுதான் திடுக்கிட்டேன்.
கயிறு தேய்த்த தடமில்லை,
கல் விழுந்த பள்ளமில்லை,
விலைச்சீட்டு கிழிக்காத தாம்பாளம் போல
உள்ளே வானம் தெரிந்தது.
"பாலிக் பூலாவில் தோட்டம் வாங்க இருந்தேன்"
என்றார் மலாயில்.
"டுரியான் ஏற்ற வண்டி முதலில் வந்துவிட்டது.
நிலத்தின் விலை எனக்காக நிற்கவில்லை."

டேஷ்போர்டுக்குள் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
தேதி, கிலோமீட்டர், எண்ணெய், ஃபில்டர்,
கடைசிக் கட்டம் 'முவாத்தான்': சுமை.
பத்தொன்பது வருடம்,
அந்தக் கட்டத்தில் மட்டும்
வரிக்கு வரி ஒரு சின்னக் கோடு.

முப்பத்தோராயிரம் என்றார்.
இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு என்றேன்,
அவருக்கு எட்டு பிடிக்கும் என்று தெரிந்தே.
சிரித்தார். கை கொடுத்தார்.
கையை விடாமல் கேட்டார்,
"எதை ஏற்றுவாய்?"

சுல்கிப்ளி அண்ணாந்து
மின்கம்பியில் புறாக்களை எண்ண ஆரம்பித்தான்.

"நாற்காலி" என்றேன். "கூடாரம்."
"கல்யாணத்துக்கா?"
"ம்ம்."

எட்டு பிடித்தவருக்கு
எது பிடிக்காது என்றும் எனக்குத் தெரியும்.
பிறையில் என் நம்பரை வைத்திருப்பவர்கள்
பெரும்பாலும் விடிகாலையில்தான் அழைப்பார்கள்,
முதலில் கொஞ்சம் அழுதுவிட்டு
எத்தனை நாற்காலி என்று சொல்வார்கள்.
கல்யாணத்துக்கெல்லாம்
ஏர்கண்டிஷன் மண்டபம் வந்துவிட்டது.

பாலத்தில் கண்ணாடியை இறக்கி ஓட்டினேன்.
வண்டி கடல்காற்றில் லேசாகக்கூட ஆடவில்லை.
எனக்கு அதைப் பாராட்ட மனமில்லை,
பின்னால் காலியாக ஏதோ உட்கார்ந்திருந்தது.

வியாழன் நாலரைக்கு நிபோங் திபாலிலிருந்து அழைப்பு.
மழை. இருட்டு.
என் தம்பி லிங்கேஷ் அரைத் தூக்கத்தில்
இரும்புக் கம்பத்தை வீசினான்.
கிர்ரென்று ஒரு முழ நீளம்.
கத்த வாயெடுத்தேன்.
சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது
எதற்கென்று கத்துவது?

மத்தியானம் அவரே அழைத்தார்.
"எப்படி இருக்கிறது?"
"நன்றாக இழுக்கிறது, அங்கிள்."
"வேலை வந்ததா?"
"வந்தது."
"கூட்டமா?"
தார்ப்பாய் நிழலில் பார்த்தேன்.
ஒரு நாற்காலி மிச்சமில்லை.
"நல்ல கூட்டம்" என்றேன்.
அவர் மகிழ்ந்தது எனக்குக் கேட்டது.

இரவு வண்டிக்குள் விளக்கைப் போட்டு
நோட்டை எடுத்தேன்.
அவருடைய எழுத்து எறும்பு வரிசை,
என்னுடையது கோழி கிளறியது.
தேதி போட்டேன். கிலோமீட்டர் போட்டேன்.
கடைசிக் கட்டம் எனக்குப் போதவில்லை,
ஓரத்திலும் எழுதினேன்:

நாற்காலி 120. கம்பம் 16. தார்ப்பாய் 2, ஈரம்.
நிபோங் திபால், ஒரு தறிகாரர், வயது 58.
இடப்பக்கம் கீறல்,
ஒரு முழம்.