ஐம்பத்தாறு படங்களில் ஒரே பறவை

தாஷ்கந்திலிருந்து கடிதம் வந்திருந்தது.
நாற்பத்தொன்றாம் படம் முதல்
தொண்ணூற்றாறாம் படம் வரை
வானத்தின் இடது மூலையில்
ஒரே பறவை ஒரே இடத்தில் நிற்கிறதாம்.
ஒரு படத்தையே வெட்டி ஒட்டி
கன்றுகளின் கணக்கை உயர்த்தினோமா என்று
ஐயுறுகிறார்களாம். விளக்கம் தேவையாம்.
கீழே ஹிக்மதுல்லாயெவின் கையெழுத்து,
அதுவும் ஏறக்குறைய ஒரு பறவை.

கடல் எழுந்து போன தரையில்
சக்சவுல் நட்டதற்கு நான்தான் சாட்சி.
வரிசைக்கு ஒரு படம், சம்பளம் மாதக் கடைசியில்.
ஜீப்பை ஓட்டுவது பெர்தெபாய்,
காற்றைத் திட்டுவதும் அவனே.
அந்தக் காற்றில்தான்
அவசரத்துக்கு லென்ஸ் மாற்றினேன், ஒருமுறை,
சட்டையை விரித்து மறைத்துக்கொண்டு.

நூகுஸ் அறைக்குத் திரும்பி
பறவையைப் பெரிதாக்கினேன்.
சிறகில்லை, அலகில்லை.
ஓரம் கரைந்த சாம்பல் வட்டம்,
தண்ணீரில் விழுந்த மையின் முதல் நொடி.

வேறு லென்ஸ் மாட்டினேன். அங்கேயே இருந்தது.
துளையை அகலத் திறந்தேன். காணோம்.
இருபத்திரண்டுக்குச் சுருக்கினேன்,
வந்துவிட்டது, முன்னைவிடக் கறுத்து,
கூடவே ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு.
வெள்ளைத் தாளைக் காட்டி
வேண்டுமென்றே குவியத்தைக் கெடுத்து
கையை ஆட்டி ஆட்டி எடுத்தேன்.
தாள் கலங்கியது. புள்ளி கலங்கவில்லை.
அப்படியென்றால் வானத்தில் இல்லை,
லென்ஸிலும் இல்லை,
ஒளி வந்து விழும் தரையிலேயே இருக்கிறது.

"வாயால் ஊதினால் போச்சு" என்றான் பெர்தெபாய்.
எச்சில் தெறித்தால் ஒரு பறவை
கூட்டமாகிவிடும் என்றேன்.
அவன் தேநீர் தேடிப் போனான்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு
ஆவி எழும்பி, அலைந்து, அடங்கும்வரை
கதவுக்கு வெளியே நின்றேன்.
அறையின் தூசியெல்லாம் தரைக்கு இறங்கட்டும்.
மின்கலம் நிறைந்திருக்கிறதா, இரண்டு முறை பார்த்தேன்;
பாதியில் அது செத்தால்
உயர்ந்து நிற்கும் கண்ணாடி கைமேல் விழும்.

கேமராவின் வாயைக் கவிழ்த்துப் பிடித்து
ரப்பர் பந்தை அழுத்தினேன், பன்னிரண்டு மூச்சு.
வந்த கூட்டம் போயிற்று.
முதலில் வந்தது போகவில்லை.

போகாது. அது தூசி இல்லை.
உப்பு. எப்போதோ ஈரம் பட்டு இறுகிய உப்பு.
நான் பிறந்தபோதே
கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.
அந்தக் கடலில் நான் கால் நனைத்ததில்லை.
நகக்கண்ணில் நூறில் ஒரு பங்காய்
அது என் கேமராவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது,
படம் எடுக்கச் சொல்லி அல்ல,
சும்மா.

சென்சாரில் எல்லாம் தலைகீழ்.
படத்தில் இடது மேல் என்றால்
எதிரே நின்று பார்க்கும் எனக்கு இடது கீழ்.
துடைப்புக்குச்சி. திரவம் இரண்டே சொட்டு,
மூன்றாவது சொட்டு தானே ஒரு கறை.
மூச்சைக் கட்டினேன்.
இடமிருந்து வலம் ஒரே இழுப்பு.
குச்சியைத் திருப்பி, வலமிருந்து இடம்.
அவ்வளவுதான். இன்னொரு முறை ஆசைப்படக் கூடாது.
துணி நுனியில் ஒரு சாம்பல் கோடு,
பென்சிலால் கிழித்ததுபோல்.

மறுபடி தாள், மறுபடி இருபத்திரண்டு.
வலது ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒன்று மிச்சம்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

தாளின் படங்கள் இரண்டையும் இணைத்து எழுதினேன்:
பறவை நீக்கப்பட்டது, கன்றுகள் உள்ளபடியே.
அவரும் ஏற்றுக்கொண்டார், ஒரே வரியில்.

அடுத்த மாதம் இன்னொரு கடிதம்.
"பன்னிரண்டாம் படத்தில் மீண்டும் புள்ளி.
சுத்தம் செய்து அனுப்பவும்."

பெரிதாக்கினேன்.
மூன்று வருடத்துச் சக்சவுலின் உச்சிக்குமேல்
சிறகு இருந்தது. அலகு இருந்தது.
அலகில் ஒரு பூச்சி, அதற்குக் காலும் இருந்தது.

"ஐயா, இது துடைத்தால் போகாது.
கிட்டப் போனால் போய்விடும்"
என்று எழுதி அனுப்பினேன்.

பதில் இன்னும் வரவில்லை.
பெர்தெபாய் மட்டும் அந்த வரிசைக்கு வந்தால்
ஜீப்பைச் சற்றுத் தள்ளியே நிறுத்துகிறான்.