இடது பக்கம் விடுப்பில்

செவ்வாய்க்கிழமை காலைக் காப்பி
வாயின் இடது ஓரத்தில் வழிந்து
சட்டையில் சொட்டியது.
கோப்பையில் விரிசலோ என்று திருப்பிப் பார்த்தேன்.
கோப்பை முழுசாகத்தான் இருந்தது.

குதாயிசி நகரம், ரியோனி ஆற்றுப் பக்கம்,
பதினோரு பேர் வேலை பார்க்கும்
பாலாடைக்கட்டிக் கம்பெனி என்னுடையது.
மூன்று மாதமாகத் தூக்கம் நாலு மணி நேரம்.
குளிரறைக் கம்ப்ரஸர் செத்துப் பிழைத்து
பிழைத்துச் செத்து,
வங்கித் தவணை மட்டும்
ஒரு நாளும் சாகாமல்.

கண்ணாடியில்
வலது பக்கத்துக்காரி திடுக்கிட்டாள்.
இடது பக்கத்துக்காரிக்கு ஒன்றுமே எட்டவில்லை.
புருவத்தைத் தூக்கு என்றால் தூக்கவில்லை,
பல்லைக் காட்டு என்றால் காட்டவில்லை.
சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போன ஆள்
நாற்காலியை மட்டும் விட்டுச்சென்றது போல.

பக்கவாதம் இல்லை என்றார்கள்.
முக நரம்பு வீங்கியிருக்கிறது,
பத்து நாள் மாத்திரை, ஓய்வு.
"எத்தனை நாள் ஓய்வு?" என்று கேட்டேன்
சம்பளத் தேதியை விரலில் எண்ணிக்கொண்டே.
டாக்டர் என் விரல்களைப் பார்த்தார்.
பதில் சொல்லவில்லை.

உதடு ஒட்டாவிட்டால் ம வராது, ப வராது.
நாற்பத்து மூன்று வயது வரை
இது எனக்குத் தெரியாது.
எங்கள் மொழியில் அம்மா 'தேதா', அப்பா 'மாமா'.
அம்மாவைக் கூப்பிட முடிந்தது.
அப்பா உதட்டிலேயே நின்றுவிட்டார்.
பணத்தின் பெயர் 'புலி'.
அது கூண்டை விட்டு வரவே இல்லை,
ராத்திரியெல்லாம் உள்ளேயே நடந்தது.
கணக்கர் மல்காஸைக் கூப்பிட்டால்
காற்றுதான் போனது: "ல்காஸ்."
நான் கோபமாக இருப்பதாக நினைத்து
இரண்டு நாள் தலை குனிந்தே எழுதினார்.

வங்கியில் சிரித்துப் பார்த்தேன்.
பாதிச் சிரிப்பை ஏளனமென்று எடுத்துக்கொண்டார்கள்.

இரவில் இடக்கண் மூடாது.
துளி மருந்து விட்டு
இமையைப் பிளாஸ்திரியால் ஒட்டிப் படுப்பேன்.
பிளாஸ்திரி பிரிந்துபோன ஒரு ராத்திரி
மூன்று மணிக்கு விழித்தால்
அந்தக் கண் எனக்கு முன்பே எழுந்து
கூரையில் எதையோ
கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

கம்ப்ரஸர் பார்க்க வந்த வாழா
"நிற்காமல் ஓடுகிற மோட்டார் எரியத்தான் செய்யும்"
என்றான், என் முகத்தைப் பார்த்தபடி.
உவமை வேண்டாம், பில்லைச் சொல்
என்று அதட்டப் போனேன்.
'இல்' என்றுதான் விழுந்தது.
சிரித்துவிட்டோம் இருவரும்.
நான் பாதி.

பயிற்சிக்கு ஷோரெனா.
மெழுகுவத்தியை ஒரு முழம் தள்ளி வைத்து
ஊதச் சொல்வாள்.
முதல் வாரம் சுடர் அசையக்கூட இல்லை.
நாலாவது வாரம் தலையை ஆட்டியது,
யோசித்துச் சொல்கிறேன் என்பது போல.
ஏழாவது வாரம், வியாழக்கிழமை,
சுல்குனிக் கட்டிகளை நூறு நூறாக எண்ணுகையில்
என்னையறியாமல் விசில் வந்தது.
கேவலமான விசில்.
பஞ்சரான டயரும் அதைவிட நன்றாக ஊதும்.
பெட்டி அடுக்கிய லாமாரா
கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.
எண்ணிக்கை தப்பிவிட்டது.
முதலிலிருந்து எண்ணவில்லை,
இன்னொரு முறை விசிலடித்தேன்.

இரண்டு பெரிய கடைகளை விட்டுக்கொடுத்தேன்.
ஆறு மணிக்கு மேல் என் போன்
மல்காஸின் டிராயரில் கிடக்கிறது.
எப்போதும் என்று சொல்லமாட்டேன்,
வீடு வரை வந்துவிட்டு
திரும்பிப் போய் எடுத்த நாளும் உண்டு.

முகம் முழுசாகத் திரும்பவில்லை.
வளரும்போது நரம்பு வழி மாறிவிட்டதாம்.
சிரித்தால் இடக்கண் தானாகச் சாத்திக்கொள்கிறது.
வங்கிக்குப் புதிதாக வந்த பையன்
நான் கண்ணடிப்பதாக எண்ணிச் சிவந்துபோனான்.
விளக்கம் சொல்லவில்லை.
எத்தனை இரவு பிளாஸ்திரி போட்டு
மூடச் சொல்லிக் கெஞ்சிய கண் அது.
மூடட்டும்.