தனித்தேர்வர்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சு.
கலெக்டர் விடுமுறை விட்ட சேதி
தெருவில் பையன்களின் விசிலாக வருகிறது.
எங்கள் வீட்டுக்கு அந்த உத்தரவு செல்லாது.
நண்டுக் கம்பெனியில் எடை போட்டுவிட்டு வந்த அம்மா
ஈரக்கையைத் துடைத்தபடி கேட்கிறாள்:
'ஒளிவிலகல், எதுல விட்டோம்?'

எட்டு வருடத்தில் எனக்கு
ஒருநாளும் லீவு கிடைத்ததில்லை.
ஒருநாளும் பள்ளிக்குப் போனதுமில்லை.

இரண்டாம் வகுப்பில்
'ப'வில் தொடங்கும் சொல் ஒன்று
என் வாயில் தரைதட்டி நின்றது.
டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு சிரித்தது.
மறுவாரம் அம்மா டி.சி. வாங்கிவிட்டாள்.

வீட்டில்
ஒரு கேள்வியை நான்கு நாள் வைத்திருக்கலாம்.
வடகடல் தூங்கும்போது
தென்கடல் மட்டும் ஏன் குதிக்கிறது என்பதை
மணியடித்து யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.
கடல்பசு கரை ஒதுங்கியது என்றால்
புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடலாம்,
அன்றைக்கு அதுதான் உயிரியல்.
'திக்கல் போயிருச்சு' என்று
அம்மா அப்பாவிடம் சொன்னாள்.
போகத்தான் செய்தது.
யாரிடம் திக்க?

'ஐலண்ட்' என்பதை 'இஸ்லண்ட்' என்றே
பன்னிரண்டு வயதுவரை மனசுக்குள் வாசித்தேன்.
சன்னலைத் திறந்தால் குருசடைத் தீவு.
சிரித்துத் திருத்த ஒருத்தியுமில்லை.
பட்டப்பெயர் கிடையாது எனக்கு.
பேனா இரவல் வாங்கியதில்லை, காய் விட்டதில்லை.
அம்மாவோடு சண்டை என்றால்
டீச்சரோடும் சண்டை, தலைமையாசிரியரோடும்.
ராத்திரி சோறு போடுவதும்
அந்த மூவர்தான்.

இந்த வருடம் பத்தாவது.
விண்ணப்பத்தில் 'பயின்ற பள்ளி' என்ற கட்டத்தின்மேல்
அம்மா பேனாவை வெகுநேரம் வைத்திருந்தாள்.
ஒரு நீலப்புள்ளி ஊறிப் பெரிதானது.

செய்முறை வகுப்புக்கு மண்டபத்தில் ஒரு பள்ளி.
மொத்தம் பதினோரு பேர்.
கணக்கில் மூன்றுமுறை போன நைனா முகம்மது,
பதவி உயர்வுக்காகப் படிக்கும் அங்கன்வாடி அக்கா,
மடியில் தூங்கும் பிள்ளையோடு ஒருத்தி,
அந்தப் பிள்ளையின் வாயில் ஒரு சாக்பீஸ் துண்டு.
சார் நோட்டைத் திறந்து பெயர் வாசிக்கிறார்.
யாரும் நிமிரவில்லை,
இருமுவதுபோலச் சொல்கிறார்கள்:
'உள்ளேன் சார்.'
'உள்ளேன் சார்.'

இருக்கிறாயா என்று
எட்டு வருடமாக யாரும் என்னைக் கேட்டதில்லை.
எங்கே போயிருக்கப் போகிறேன்,
ஐந்தடியில் அம்மா.

'ஜெசிந்தா.'

உ

உயிரெழுத்தும் தரைதட்டும் என்று
எனக்குத் தெரியாது.

உ, உ

முன்பெஞ்சில் நைனா திரும்புகிறான்.
அவன் உதடு பிரிகிறது.
சிரிக்கப் போகிறான் என்று காத்திருக்கிறேன்,
பயத்தோடு,
கொஞ்சம் ஆசையாகவும்.