லேப் டிப்

ஆறாவது முறையும் திருப்பிவிட்டார்கள்.
'இன்னும் சுத்தமாக வேண்டும்'
அலிகாந்தேயிலிருந்து ஒற்றை வரி.
நீச்சலுடைக்கான நீலம்.
அந்தக் கடலை நான் பார்த்ததில்லை.
வீரபாண்டிப் பிரிவில் ஒரு சாய ஆலை,
அதன் பீக்கருக்குள்
கலக்கிக் கலக்கிப் பார்க்கிறேன்.

"நேர்லயே போயிப் பாத்துட்டு வந்துரலாமுங்க"
என்றாள் கோகிலவாணி,
ஏலச்சீட்டு எங்களுக்கு விழுந்த இரவில்.

அன்றிலிருந்து காலண்டரின் முதுகெல்லாம் கணக்கு.
விசாவுக்கு இவ்வளவு.
கோவையில் ஏறி ஷார்ஜாவில் மாற இவ்வளவு.
செப்டம்பர் என்றால் கூட்டம் குறைவு,
தண்ணீரிலும் வெயில் மிச்சமிருக்கும்.
கரையில் நீலக்கொடி பறந்தால்
நம்பி இறங்கலாமாம், படித்துச் சொன்னாள்.
"நம்ம பக்கம் எந்தக் கொடி?" என்றேன்.
சிரிக்கவில்லை.

விடியற்காலைப் பெண்கள் பேட்ச்சில் சேர்ந்து
இருபத்தைந்து மீட்டரை ஒரே வீச்சில் கடக்கிறாள்.
தலையணையெல்லாம் குளோரின் வாசம்.
நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறேன்,
ஆழமில்லாத ஓரத்துக் கம்பியை விடாமல்
முகத்தை மட்டும் முக்கி எடுக்கிறேன்.
பயிற்சியாளர் என் நகக்கண்களைப் பார்த்துவிட்டு
"குளிச்சுட்டு இறங்குங்க சார்" என்றார்.
குளித்துவிட்டுத்தான் இறங்கியிருந்தேன்.

நேற்று நொய்யல் பாலத்தின் மேல்
வண்டியை நிறுத்தச் சொன்னாள்.
கீழே கத்தரிப்பூ நிறத்தில் நுரை,
பாறைகளைச் சுற்றி, அவசரமில்லாமல்.
அந்த ஷேடு எனக்குத் தெரியும்.
போன மாதம் ஒரே தடவையில் ஓகே ஆனது.

அவள் அதைக் கேட்கவில்லை.
"துண்டு ரெண்டு போதுமுங்களா?" என்றாள்.

போதும் என்றேன்.
வெள்ளை மட்டும் வேண்டாம்.