பதிவுக்கு ஒப்புதல் தேவை

முதலில் பெயர் கேட்டது.
ஒருமுறை வைத்தால் பிறகு மாற்ற முடியாது என்று
சிவப்பில் மிரட்டிவிட்டுக் கேட்டது.
ஊர்ப் பெயரையே கொடுத்தேன்: பிரையநெஸ்.
எங்கள் எழுத்தில் அதன் நடுவே
குறுக்குக்கோடு போட்ட ஒரு 'டி' நிற்கும்.
எழுதுவதோடு சரி,
பரோயேக்காரர் யாரும் அதை உச்சரிப்பதில்லை.
அந்த மௌனம் இயந்திரத்துக்குச் செரிக்கவில்லை.
எக்ஸ், என், இரண்டு கோடு, அப்புறம்
தொண்டையில் முள் சிக்கியவன் இருமியதுபோல் சில எழுத்து,
அதுதான் உங்கள் ஊர் என்று திருப்பித் தந்தது.
எடுத்துவிட்டேன் அந்த எழுத்தை.
நூற்று எண்பது பேர் இருக்கிற இடத்தில்
ஓர் ஆள் குறைந்தால் தெரியும்,
ஓர் எழுத்து குறைந்தால் தெரியாது.

பெரிய கம்பெனியிடம் எங்களுக்கொரு குழு இருந்தது.
சுரங்கப்பாதை எப்போது மூடும்,
யாரிடம் உருளைக்கிழங்கு மிச்சம்,
யார் வீட்டுத் தொட்டில் இப்போது காலி,
எல்லாம் அதற்குள்தான்.
அக்டோபரில் ஆடு அறுத்த படத்தை ராக்னில் போட்டாள்.
வன்முறை என்று பூட்டிவிட்டார்கள்.
மேல்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் நன்றி சொல்லும்.
பதினோரு தடவை நன்றி வாங்கினேன்.

சால்மன் பண்ணையில் தீவனக் கணக்குப் பார்த்துக்
கழித்துப்போட்ட கணினி இது.
விசிறியில் உப்பு, உள்ளே மீனெண்ணெய் வாடை.
வலைக்கொட்டகையில் வைத்து, இரவு ஷிப்டு முடிந்து வந்து
கையுறையைக் கழற்றாமலே தட்டினேன்.
லினக்ஸ் சொன்னபடி கேட்டது.
தரவுத்தளம் கேட்கவில்லை.
அமைப்புக் கோப்பில் எங்கோ ஓர் இடைவெளி கூடிப்போனதற்கு
நான்கு மணி நேரம்.
ஐந்நூற்றிரண்டு, ஐந்நூற்றிரண்டு என்று
உலாவி ஒரே எண்ணை ஓதிக்கொண்டிருந்தது.
வியாழன் காற்றில் மின்கம்பம் சாய்ந்தது,
கேபிளைத் திட்ட அன்று காரணமில்லை.

சான்றிதழ் தொண்ணூறு நாள் செல்லுமாம்.
அதற்குப் பின்
நாங்கள்தான் நாங்கள் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும்.

பிறகு ஒரு வெற்றுப் பெட்டி:
விதிகளை எழுதவும்.
தேநீர் ஆறிப்போகும்வரை
மினுக்கும் கோட்டையே பார்த்திருந்தேன்.
ஒன்றே ஒன்று எழுதினேன்.
'வாசலில் வந்து சொல்ல முடியாததை
இங்கே எழுதாதே.'
சேமித்தேன்.
பதிவுக்கு ஒப்புதல் தேவை என்பதிலும் டிக் போட்டேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.

ராத்திரி ஒன்று இருபதுக்கு முதல் விண்ணப்பம்.
ஹெர்கெய்ர்.
வேலிக்கல் மூன்றடி நகர்ந்த நாளிலிருந்து
மூன்று வருடமாய்
கடை வரிசையில்கூட என் முதுகைப் பார்த்து நிற்காதவர்.
சேர விரும்பும் காரணம்:
'கிடா காணவில்லை. இடது காதில் இரண்டு வெட்டு.'

கிடா செவ்வாயிலிருந்து என் பட்டியில்தான்.
என் வைக்கோலைத் தின்றுகொண்டிருக்கிறது.
வந்து கேட்கட்டும் என்று நான் இருந்தேன்.
அவர் என் சர்வர் ஓடட்டும் என்று இருந்திருக்கிறார்.

ஏற்க. நிராகரிக்க.
இரண்டு பொத்தான்களும் ஒரே அகலம்.

ஏற்றேன்.
உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போனதாகப் பதிவேடு சொன்னது.
அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை.
ஓடைக்கு அந்தப்பக்கம் அவர் ஜன்னலில் விளக்கு
அணையவுமில்லை.
ரூட் கடவுச்சொல் கையில் இருக்கிறது,
அவர் கணக்கை நானே திறந்துவிடலாம்.
கயிற்றை எடுத்தேன்.

கதவைத் திறந்தவர்
என்னைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார்.
'மெயில் வரவேயில்லை' என்றார்.
'ஸ்பாமில் பாருங்கள்' என்றேன்.

கிடா உள்ளே போக மறுத்து
படியில் நின்று புழுக்கை போட்டது.