அரைப் பேர்

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேலே
ஈரம் குடித்த ஓர் அறை.
சுவரில் நான்கு வருடமாய் என் வரைபடம்.
பதினொரு பெட்டி, இருபத்தேழு அம்பு.
பனி உள்ளே வரும் மாலைகளில்
ஒட்டுநாடா விட்டுப்போய்
சேமலாப நிதி கட்டிலில் விழும்.

என்ன ஆய்வு என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வேன்:
ஒரு கம்பனியின் கணினிகள்
ஒன்றோடொன்று பேசுவதில்லை,
பேசவைக்கப் பார்க்கிறேன்.
"அதுக்குமா பட்டம் குடுக்கிறாங்க?"
என்றார் மருந்துக்கடை ஃபாயிஸ்.

கொழுந்துத் தராசுக்குத் தெரிந்தது
செக்ரோலுக்குத் தெரியாது.
செக்ரோல் அறிந்ததைக்
கொழும்பு அடுத்த மாதம்தான் அறியும்.
டிஸ்பென்சரிக்கு எல்லோரும் லய இலக்கம்.
பிள்ளைக்காம்பராவில்
தாய்மாருக்குப் பெயரே இல்லை.

பேச்சாயி என்றொருத்தி
ஐந்து கணினிகளில் ஐந்து பேர்.
சிங்களத்தில் தட்டியவர் ஒரு 'ச்' குறைத்தார்.
ஆங்கிலத்தில் தட்டியவர் வாலை வெட்டினார்.
சேமலாப நிதியில் அவள் ஆண்.
வங்கியில் மட்டும் முழுதாக இருந்தாள்,
கடன் என்பதால்.

மொட்டைப்பாறைத் தோட்டத்து ஆபீசுக்குப்
போனபோதுதான் பார்த்தேன்:
ஒன்பதாவது அம்பின் நடுவில்
ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.
கிளாக்கர் அருள்நேசன்.
ஒரு திரையைப் பார்த்து
இன்னொரு திரையில் தட்டிக்கொண்டு,
இடையில் ஒரு நீலக் கொப்பி,
கொப்பிக்கு மேல் ரொட்டியும் கட்டச் சம்பலும்.
மாதாமாதம் எட்டாம் திகதி இரவு
ஆயிரத்து நூறு பேரை
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
அவர்தான் கடத்திவிடுகிறார்.
என் ஆய்வேட்டில் அவர்
அரை அங்குலக் கோடு.

தை பிறந்து முதல் சோதனை ஓட்டம்.
இணைந்த அட்டவணை
அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து வந்தது.
தோட்டத்திலேயே அதிக நாள்
வேலை செய்தவர் யாரென்று கேட்டேன்.
யோசிக்காமல் சொன்னது.
பெயர்: அரை.
நாட்கள்: பதினாறாயிரத்து நானூற்று எட்டு.
ஒரே வருடத்தில்.

தனியே சிரித்தேன்.

பிறகு விளங்கியது.
செக்ரோலில் 'பேர்' என்றால் ஆளின் பேரல்ல.
கிலோ நிறைந்தால் முழுப் பேர்.
இரண்டு கிலோ குறைந்தால்
அரைப் பேர்.
அன்றைய கூலிக்கு அங்கே
பேர் என்று பேர்.
என் நிரல் அந்தக் கட்டத்தை
ஆளென்று வாசித்து,
குறைந்துபோன நாட்களை எல்லாம் கூட்டி
ஒருத்தியைச் செய்திருந்தது.

பொருள் முரண் என்பார்கள் எங்கள் துறையில்.
ஒரு சொல், இரு அமைப்பு, இரு அர்த்தம்.
தரவு அகராதி ஒன்று இருந்தால் தீரும்.
அந்த அகராதியை எழுதியதே நான்தான்.
'பேர்: ஊழியரின் பெயர். அறுபது எழுத்துக்குள்.'
"இன்னைக்கும் அரப்பேருதான்" என்று
கூடையை இறக்கும் சத்தத்தோடு
கேட்டே வளர்ந்தவள்.
இரண்டு அர்த்தமும் எனக்குத் தெரியும்.
ஒன்றைத்தான் எழுதினேன்.

பேராசிரியர் வெலகெதர
பிழையான வரி, திருத்திவிடுங்கள் என்றார்.
சரிதான். திருத்தினேன்.
அரை கலைந்து
அவரவர் கணக்கில் போய்ச் சேர்ந்தாள்.
பேச்சாயிக்கு முப்பத்தொரு நாள்.

அருள்நேசன் ஒன்றுதான் கேட்டார்:
"மிஸ், இது ஓடத் தொடங்கினா
எட்டாந் திகதி ராத்திரி நான் என்ன செய்ய?"
வீட்டுக்குப் போங்க என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கொப்பி அட்டையில் விழுந்த சம்பலை
விரலால் துடைத்தார்.

நாளை வரைபடத்தைக் கையளிக்க வேண்டும்.
ஒன்பதாவது அம்பை
அழித்து, கீறி, மறுபடி அழித்து
அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.
பின்னால் சுவர் தெரிகிறது,
சுவரின் ஈரமும்.